இன்னும் ஒரு இன்னிங்ஸ்

அவனுக்கு 21 வயசு. பெயர்கூட கம்ப்யூட்டர் வைத்ததுதான். 'அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்' விளையாட்டில் நாம் மேனேஜர். யார் பந்து வீசணும், எப்போது மாற்றணும் என்று முடிவெடுப்பவர். ஏழு இன்னிங்ஸ் முடிந்தது. நூறு பந்து தாண்டியாச்சு, களைத்துவிட்டான். மாற்று ஆட்கள் முந்தின இரண்டு நாளும் வீசி ஓய்ந்தவர்கள். நமக்கு ஒரு ரன் முன்னிலை. "இன்னும் ஒரு இன்னிங்ஸ்தானே" என்று விட்டேன். முழங்கை ஜவ்வு கிழிந்தது. ஒரு வருஷம் ஆட முடியாது.

மனசு கேட்கல. ஆட்டத்துக்கு முன்பு சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி ஆடினேன். ஏழாவது இன்னிங்ஸ் முடிவில் அதே நிலைமை: களைத்த கை, சின்ன முன்னிலை. இந்த முறை மாற்றினேனா? இல்லை. அவனுக்கு ஒன்றும் ஆகல. ஜெயித்தோம்.

முதல் தடவை குற்ற உணர்ச்சி, இரண்டாம் தடவை பெருமை. நான் செய்ததோ ஒரே காரியம். நம் கையில் இல்லாத விளைவை வைத்து நம்மை எடைபோடும் இந்தப் பழக்கத்துக்கு 'மாரல் லக்' என்று பெயர். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் இதைப் பற்றி விவாதித்தார்கள். ஒரே முடிவின் இரண்டு விளைவுகளையும் பார்க்கும் வாய்ப்பு வாழ்க்கையில் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது. பார்த்த பிறகு, இரண்டாம் தடவையும் நான் தப்புதான் செய்தேன் என்று தெரிகிறது.

நிஜத்தில் 2012-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி இதற்கு நேர்மாறாகச் செய்தது. முழங்கை அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டு வந்த ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை 159 இன்னிங்ஸ் தாண்டியதும் செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டது. அவருக்கே அது பிடிக்கல. அவர் இல்லாமல் ஆடிய அணி பிளேஆஃபின் முதல் தொடரிலேயே வெளியேறியது, திட்டு விழுந்தது. 2019-ல் அவர் உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனபோது, "அன்னைக்கு நிறுத்தினது சரி" என்றார்கள். அதற்குப் பிறகு உடம்பு ஒத்துழைக்காமல் எட்டே ஆட்டங்களோடு அவர் வீச்சு முடிந்தது. அப்போ, நிறுத்தியது வீணா?

இப்படி விளைவைத் துரத்தினால் பதில் மாறிக்கொண்டேதான் இருக்கும். முடிவெடுத்த நொடியில் கேட்க வேண்டியது வேறு: ஜெயித்தால் யாருக்கு லாபம், கிழிந்தால் யார் கை? அன்று வாஷிங்டன் அதைக் கேட்டது. நான் இரண்டு தடவையும் கேட்கல.

அந்தப் பையன் இன்னும் என் அணியில்தான் இருக்கிறான். அவனுக்கு எதுவும் தெரியாது. தெரிய அவன் ஒரு ஆளே இல்லை. ஆனால் "இன்னும் ஒரு இன்னிங்ஸ்தானே" என்று சொன்னது நிஜ ஆள். நாளைக்கு ஆபீஸில் எனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்த்தால், களைத்தவனிடமும் அதே வாய்தான் பேசும்.