யார் செய்த குற்றம்?

ஒரு பொருள் கெட்டுப் போனால் அதைச் சரி செய்யவேண்டும் என்ற எண்ணம் நமக்கு முதலில் வருவதில்லை. கெடுத்தவன் யார் என்ற எண்ணந்தான் முதலில் வருகிறது. அடுக்களையில் பால் பாத்திரம் கவிழ்ந்தால் துணியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் சிலர். கூடத்தில் உட்கார்ந்தபடியே "யார் கவிழ்த்தது?" என்று குரல் கொடுக்கிறவர்கள் பலர். நான் அந்தப் பலரில் ஒருவன் என்பது, பெரியகுளம் தென்கரையில் என் வீட்டில் நடந்த ஒரு சிறிய சம்பவத்துக்குப் பிறகு எனக்கே தெளிவாகிவிட்டது.

மாம்பழக் காலம் முடிகிற சமயம். முன்னறையில் மின்விசிறி மாட்டுவதற்காக வடகரையிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும். மெயினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் ஏணியில் நின்று வேலை செய்தான். இடைஞ்சலாக இருந்ததால் கம்ப்யூட்டர் மேஜையை ஓர் ஓரமாக நகர்த்திப் பிறகு பழைய இடத்தில் வைத்தான். பேசிய கூலியில் நானூறு ரூபாய் பாக்கி. மறுநாள் காலை வந்து வாங்கிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ஒரு கட்டுரையை அனுப்புவதற்காகக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பத்திரிகாசிரியர் ஏற்கெனவே இரண்டு முறை நினைவூட்டியிருந்தார். இணைப்பு வரவில்லை. எந்தத் தளத்தைத் தேடினாலும், 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற அறிவிப்புத்தான் வந்தது. மின்னஞ்சலும் திறக்கவில்லை. இணைப்புக் கொடுத்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் இரைந்தேன். அந்தப் பெண் பொறுமையாக, "எங்கள் பக்கம் லைன் சரியாக இருக்கிறது, சார்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பையன் கூலி வாங்க வந்து நின்றான்.

"நீ எதைத் தொட்டாய்?"

"மேஜையை மட்டுந்தான் சார் நகர்த்தினேன். வயரைத் தொடவே இல்லை."

"தொடாமலா கெட்டுப் போகும்? இது சரியானால்தான் பாக்கிப் பணம். போய்விட்டுச் சாயங்காலம் வா."

அவன் ஒன்றும் பேசவில்லை. வாசற்படியில் ஒரு கணம் நின்றான்; பிறகு போய்விட்டான். என் மனைவி உள்ளிருந்து, "பாவம், அது என்ன செய்யும்?" என்றாள். அவளுக்கும் ஒரு வார்த்தை கிடைத்தது.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்த நிறுவனம் பெரியது. என் கோபம் அதன் காதில் விழாது. இந்தப் பையனின் காதில் விழும். அவன் மீது சந்தேகம் பிறந்ததற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

கடைசியில், கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அக்கா மகளைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் குற்றவாளியின் பெயரோடு ஆரம்பித்தேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"மோடத்தில் சிவப்பு விளக்கு எரியுதா மாமா?"

"இல்லை. எல்லாம் பச்சை."

"உங்க ஃபோன்ல, அதே வைஃபையில, நெட் வருதா?"

வந்தது. ஒரே நிமிஷத்தில் நிறுவனம் விடுதலையாகிவிட்டது. காலையில் என் வசவைக் கேட்ட பெண்ணும் கூடத்தான்.

பிறகு அவள் ஒரு கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, 'பிங்' என்று ஒரு சொல்லையும், 127.0.0.1 என்று ஓர் எண்ணையும் அடிக்கச் சொன்னாள். பதில் வந்தது.

"இது யாருடைய எண்?"

"உங்க கம்ப்யூட்டரோடதுதான் மாமா. முதல்ல அது தன்னையே கூப்பிட்டுப் பார்க்கணும். அப்புறம் மோடம். அப்புறம் வெளியூர். வெளியூரையும் முதல்ல நம்பரைச் சொல்லிக் கூப்பிடணும், அப்புறம் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். எந்த இடத்துல பதில் நிக்குதோ, அங்கேதான் கோளாறு."

நான் வாயடைத்துப் போனேன். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், தம்முடைய வலையமைப்பில் ஏற்பட்ட ஒரு கோளாறைக் கண்டுபிடிப்பதற்காக எழுதிய சின்னஞ்சிறு நிரல் அது. கடலடியில் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்குமே, அந்த ஓசையின் பெயரையே அதற்கு வைத்தார். அதைக்கொண்டு விசாரிக்கிறவர்கள் வீட்டுக்குள் தொடங்கித்தான் வெளியே போகிறார்கள். நான் கோயமுத்தூர், சென்னை என்று எங்கோ தொடங்கி வடகரை வரைக்கும் வந்தேனே தவிர, வீட்டுக்குள் நுழையவே இல்லை.

இன்னொன்றும் சொன்னாள். முகவரி கொடுக்கவேண்டிய மோடத்திலிருந்து முகவரி கிடைக்காவிட்டால், சில கம்ப்யூட்டர்கள் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளுமாம். அதை வைத்துக்கொண்டு வெளியுலகத்தோடு ஒரு வார்த்தை பேச முடியாது. இலக்கிய உலகத்திலும் இப்படிப்பட்ட முகவரியோடு நடமாடுகிற சிலரை எனக்குத் தெரியும். நல்லவேளை, என் கம்ப்யூட்டருக்கு அந்த வியாதி இல்லை. எல்லாப் பரீட்சையிலும் அது தேறியது.

"மாமா, கீழே வலது மூலையில் என்ன தேதி இருக்கு?"

பார்த்தேன். 2013, ஜனவரி 1.

அவள் சிரித்துவிட்டாள். இந்தக் காலத்தில் ஒவ்வொரு தளமும் 'நான் இன்னார்' என்பதற்கு ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அது இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை செல்லும் என்று அதிலேயே குறித்திருக்கும். 2013-இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ்கள் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே என் கம்ப்யூட்டர் உலகத்தில் ஒருவரையும் நம்ப மறுத்தது. கதவு திறந்திருந்தது, பாதையும் சரியாக இருந்தது. வந்தவர்களையெல்லாம் போலி என்று அது விரட்டிக்கொண்டிருந்தது.

கடிகாரம் ஏன் பின்னால் போயிற்று? மின்சாரம் இல்லாத வேளையில் அதை ஓட வைப்பதற்கு உள்ளே நாலணாக் காசு போல ஒரு பாட்டரி இருக்கிறது. அது செத்துப்போய்விட்டது. சாகப் போகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தது. ஒவ்வொரு காலையும் கறுப்புத் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். 'எஃப்1' விசையை அழுத்து என்று கேட்கும். நானும் அழுத்துவேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை. படிப்பதும் எழுதுவதுமே தொழிலாகக் கொண்டவன் நான்!

கையால் தேதியைத் திருத்தினேன். அடுத்த நிமிஷம் கட்டுரை போய்விட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சித்திரா பௌர்ணமியன்று, நண்பர்களோடு தேனி, கம்பம் வழியாகக் கூடலூருக்குப் போய், அங்கிருந்து மலையேறிக் கண்ணகி கோயிலைத் தரிசித்தேன். ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தான் மேலே போக அனுமதி. இடிந்த கல் மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்து, பாண்டியனின் அநியாயத்தைப் பற்றி நாங்கள் வெகு நேரம் ஆவேசமாகப் பேசினோம். அவன் செய்த பிழை என்ன? தேவியின் சிலம்பிலே முத்து; கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு சோதனையைக் கொலைக்கு முன்னால் செய்திருக்க வேண்டும். அவன் பின்னால் செய்தான். பொற்கொல்லன் கையைக் காட்டினான், காட்டிய திசையில் ஓர் அயலூர்க்காரன் நின்றான், அவ்வளவுதான். மலைமேல் உட்கார்ந்து அவனுக்குத் தீர்ப்புச் சொன்ன நான், நானூறு ரூபாய் விஷயத்தில் என்ன செய்தேன்? அவனாவது உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விட்டான். நான் காப்பி குடித்தேன்.

ஆனால் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. பையன் மெயினை அணைத்திருக்காவிட்டால் அன்றைக்குக் கடிகாரம் நின்றிருக்காது. செத்த பாட்டரி வெளி மின்சாரத்தின் தயவில் மறைந்து கிடந்தது. அப்படியானால் கை அவனுடையதுதானே? 2011 மார்ச்சில் ஜார்ஜியா நாட்டில் எழுபத்தைந்து வயதுக் கிழவி ஒருத்தி, விற்றுப் பிழைக்கச் செம்புக் கம்பி கிடைக்குமா என்று மண்ணைத் தோண்டியபோது ஒரு கேபிளை வெட்டிவிட்டாள். பக்கத்து நாடான ஆர்மீனியா பல மணி நேரம் இணையமின்றித் தவித்தது. இணையம் என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்றாள் அவள். மண்வெட்டி அவளுடையதுதான். ஆனால் ஒரு தேசத்தின் பேச்சு முழுவதையும், ஒரு கிழவியின் மண்வெட்டிக்கு எட்டும் ஆழத்தில் ஒரே கேபிளை நம்பி விட்டவர்கள் யார்? போலீஸார் பிடித்தது கிழவியைத்தான்.

சாயங்காலம் மூன்றாந்தலுக்குப் போய்ப் புதிய பாட்டரி வாங்கினேன். சில பத்து ரூபாய்தான். அங்கிருந்து வராக நதிப் பாலத்தைக் கடந்து அவன் வீட்டுக்கே நடந்தேன். திண்ணையில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். நானூறு ரூபாயைக் கொடுத்து, தவறு என்னுடையது என்று சொல்லி, நடந்ததை விவரித்தேன். அவன் கவனமாகக் கேட்டான். பிறகு, நான் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டான்:

"மெயினை நான்தானே சார் அணைச்சேன்? அப்ப என்னாலதான் நின்னுச்சா?"

காலையில் நான் கேட்டிருக்க வேண்டிய விதத்தில் அவன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாட்டரி என்னுடையது, தம்பி" என்றேன்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்குரூ டிரைவரோடு என்னுடன் கிளம்பினான். பாலத்தைத் தாண்டும்போது, இனிமேல் மெயினை அணைப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று எல்லா வீட்டிலும் கேட்டுக்கொள்வதாகச் சொன்னான்.