'தென்படவில்லை' என்னும் சாட்சியம்

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கின்றது. குற்றால மலையிலிருந்து இறங்கி வந்த நீரும் பொதிகையிலிருந்து புறப்பட்டு வந்த நீரும் கூடிச் சற்றுத் தூரம் சென்றபின், இது சிற்றாற்று நீர், இது பொருநை நீர் என்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. கலந்தது கலந்ததுதான். அந்நீர் கிழக்கே ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவைச் சேர்கின்றது. ஒரு காலத்தில் அரபு நாட்டுக் கப்பல்கள் வந்து நின்ற காயல் துறையும் அக்கழிமுகத்தை ஒட்டியே இருந்தது.

அன்று வணிகத்திற்காகக் கடலேறினார்கள். இன்று கடலில் வாழும் உயிர்களைக் கண்டு கணக்கெடுப்பதற்கென்றே கப்பலேறுவோர் இருக்கின்றார்கள். அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றிப் படித்தபோது, நம்முடைய அன்றாட வாழ்வுக்கும் உரிய கேள்வியொன்று நம் உள்ளத்தில் எழுந்தது. எவருக்கும் தீங்கு செய்யாததாகத் தோன்றும் ஒரு சிறு பொய் பாவமாகுமா? நல்ல நோக்கத்திற்காகச் சொல்லப்பட்டால் அது மன்னிக்கப்படுமா?

டென்மார்க் நாட்டில் கட்டப்பெற்று 1984ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பணிக்கு வந்த ஆராய்ச்சிக் கப்பல் 'சாகர் சம்பதா'. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003 அக்டோபர் முதல் 2007 பெப்ரவரி வரை அக்கப்பலில் 35 முறை பயணம் செய்து, இந்தியாவைச் சூழ்ந்த கடல்களில் திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் கணக்கெடுத்தார்கள். கப்பல் அவர்களுக்காக மட்டும் ஓடவில்லை. வேறு ஆராய்ச்சிகளுக்காகச் சென்ற கப்பலில் இவர்களும் இடம்பெற்றார்கள். கப்பல் போகும் வழியே இவர்களின் வழி. கடலை உற்று நோக்குவதே இவர்களின் வேலை.

கேட்பதற்கு இன்பமாக இருக்கலாம். ஆயினும் அவ்வேலையின் தன்மையைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலை வெளிச்சம் வந்தது முதல் மாலை வெளிச்சம் மறையும் வரை, தூரக்கண்ணாடியும் குறிப்பேடுமாகத் தளத்தில் நிற்க வேண்டும். தலைக்குமேல் வெயில்; எதிரே நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி; காலுக்குக் கீழே ஓயாத ஆட்டம்; காதில் இயந்திரத்தின் இடையறாத இரைச்சல். குமட்டல் வந்தாலும் கண்ணை எடுக்கலாகாது. காற்று ஓங்கி அலைகளின் தலை வெளுக்கத் தொடங்கினாலோ, ஒவ்வொரு நுரையும் ஒரு முதுகாகத் தோன்றும். ஒவ்வொரு நிழலும் ஒரு துடுப்பாகத் தோன்றும். ஆதலால் கடலின் நிலை எப்படி இருந்தது என்பதையும் அவர்கள் எழுதி வைக்க வேண்டும். கண் ஏமாறக்கூடிய வேளை இது என்று தம் கண்ணுக்கு எதிராகத் தாமே எழுதிக் கொடுக்கும் சாட்சியம் அது!

இவ்வாறு அவர்கள் கடலைப் பார்த்து நின்ற நேரம் மொத்தம் 5,254 மணி. உயிர்களைக் கண்டதாகப் பதிவு செய்தது 473 முறை. சராசரியாகப் பதினொரு மணி நேரத்திற்கு ஒரு தடவை! எஞ்சிய நேரமெல்லாம் வெறுங்கடல். அந்த நேரங்களுக்கு எதிரே குறிப்பேட்டில் எழுதத்தக்கது ஒன்றே: தென்படவில்லை.

இச்சொல்லில்தான் அப்பணியின் மாண்பு அடங்கியிருக்கின்றது. கண்டவற்றின் எண்ணிக்கை மட்டும் இருந்தால் அதனால் பெரும்பயன் இல்லை. எத்தனை மணி நேரம் பார்த்ததில் எத்தனை கண்டோம் என்று தெரிந்தால்தான், இருபது ஆண்டுகள் கழித்து வருபவர் தாம் கண்டதோடு ஒப்பிட்டு, அவ்வுயிர்கள் பெருகினவா அருகினவா என்று சொல்ல இயலும். வெறுமையும் கணக்கில் ஒரு பகுதி. அதை மறைத்தாலும் கணக்குப் பொய்யாகும். காணாததைக் கண்டதாக எழுதி அதை நிரப்பினாலும் கணக்குப் பொய்யாகும்.

இது நமக்குப் புதிய பாடமா? அன்று. ஷஃபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் மொட்டைமாடியிலும் கடற்கரையிலும் வயல்வரப்பிலும் நின்று மேற்கு வானத்தை நோக்காத முஸ்லிம் குடும்பம் உண்டா? குழந்தைகள் மேகக் கீற்றைக் கண்டு "அதோ பிறை!" என்று கூவுவார்கள். பெரியவர்கள் கண்களைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் தலையை அசைப்பார்கள். பிறகு பள்ளிவாசலிலிருந்து, பிறை தென்படவில்லை என்ற அறிவிப்பு வரும். அதைக் கேட்டு எவரும், இன்று ஒன்றும் தெரியவரவில்லை என்று சொல்வதில்லை. அச்சொல்லை ஏற்று மாதத்தை முப்பதாக நிறைவு செய்கின்றோம். ஓர் ஊர் முழுவதும் உண்பதும் நோற்பதும், காணவில்லை என்று உண்மை சொன்ன சிலருடைய நாவை நம்பி நடக்கின்றன. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த அந்த நெறியில், 'தென்படவில்லை' என்பதும் ஒரு முழுமையான சாட்சியம்.

இனி, நல்ல நோக்கம் பற்றிய கேள்விக்கு வருவோம். அருகிவரும் உயிர்களைக் காக்க வேண்டும் என்னும் ஆர்வத்தால் ஒருவர் கணக்கை மிகைப்படுத்தியோ குறைத்தோ எழுதினால் குற்றமா? மக்களை நல்லமல்களின்பால் தூண்டுவதற்காகவே ஹதீஸ்களைப் புனைந்தவர்கள் நம் வரலாற்றில் இருந்திருக்கின்றார்கள். அவர்களுடைய நோக்கத்தைக் கண்டு ஹதீஸ் கலை அறிஞர்கள் இரங்கினார்களில்லை. புனைந்தவர் எவ்வளவு பெரிய வணக்கசாலியாயினும் அவருடைய அறிவிப்பைத் தள்ளினார்கள். ஏன்? நன்மைக்காக ஒரு பொய்யை அனுமதித்தால், பிறகு எந்த உண்மையையும் எவரும் நம்ப இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கப்பலின் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் பயணம் செய்தவர்களைப் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். தண்ணீர் எடுக்க மேலே சென்று வந்த கீழ்த்தளத்தார், தங்கள் பகுதியிலேயே ஒரு துளையிட்டுக்கொள்ள எண்ணினார்கள். மேலிருப்போருக்குத் தொல்லை தரக்கூடாது என்பதே அவர்களின் கருத்து! நோக்கம் தீயதன்று, இடமும் அவர்களுடையதே. ஆயினும் துளை துளைதான். தடுப்பாரில்லை என்றால் அனைவரும் மூழ்குவர். பொய்ப் பதிவும் அத்தகைய ஒரு துளையே. குறிப்பேடு எழுதுபவரின் கையில் இருக்கலாம். கலம் எல்லோருக்கும் பொது.

நம் தென்கரையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டுக் கரையில் 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 2016 ஜனவரியில் அதே பகுதியில் மீண்டும் அவை திரளாக ஒதுங்கின. மீனவர்கள் பாடுபட்டுக் கடலுக்குள் தள்ளிவிட்டும் பல திரும்பிக் கரைக்கே வந்து மடிந்தன. முன்பும் இதே கரையில், இதே மாதத்தில், இதே இனம் ஒதுங்கியது என்று அன்று சொல்ல முடிந்ததெனில், 1973இல் ஒருவர் ஒழுங்காக எண்ணி எழுதி வைத்தார் என்பதே காரணம். அன்று ஏறத்தாழ என்று கையில் வந்ததை எழுதியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் பின்வந்தவர்கள் பொய்யின்மேல் நின்று சிந்தித்திருப்பார்கள். தாம் பொய்யின்மேல் நிற்பதையும் அறிந்திருக்கமாட்டார்கள்.

கடற்பயணம் நம்மில் பலருக்கு வாய்க்காது. ஆனால் குறிப்பேடு எல்லோர் கையிலும் இருக்கின்றது. பெண் கொடுக்க எண்ணும் ஒருவர் நம்மிடம் வந்து, அந்தப் பையன் எப்படி என்று விசாரிக்கின்றார். நமக்கு அவனைச் சரியாகத் தெரியாது. ஆயினும் நல்ல காரியம் நம்மால் தடைப்படலாமா என்று எண்ணி, "தங்கமான பிள்ளை" என்று சொல்லி அனுப்புகின்றோம். காணாததைக் கண்டதாக எழுதிவிட்டோம்! ஒரு பெண்ணின் வாழ்நாள் அந்த ஒரு வரியின்மேல் கட்டப்படுகின்றது. எதிர்ப்புறமும் உண்டு: பிறர் சொல்லக் கேட்ட பழியை நேரில் கண்டதுபோல் உரைப்பது. அறிவின் சிகரமாய் விளங்கிய இமாம் மாலிக் (ரஹ்) அவர்களே, தம்மிடம் வந்த கேள்விகள் பலவற்றிற்குத் தெரியாது என்று விடை சொல்லத் தயங்கவில்லை. தெரியாது என்று சொல்ல நமக்கு மட்டும் என்ன கூச்சம்?

கண்ணும் காதும் இறைவன் நமக்கு அளித்த அமானிதங்கள். அவை கண்டதற்கும் காணாததற்கும் நாமே பொறுப்பு. நல்லெண்ணத்தோடு விட்ட பொய்யும் உண்மையோடு கலந்துவிட்டால், சீவலப்பேரிக்குக் கிழக்கே ஓடும் நீரைப்போல அதைப் பிரித்தெடுக்க விட்டவராலும் ஆகாது. கலக்குமுன் நாவையும் பேனாவையும் நிறுத்திக்கொள்வதே நம் கையில் உள்ளது.

கண்டபோது கண்டோம் என்றும், காணாதபோது காணவில்லை என்றும் சொல்லும் துணிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.