பிறர் வாசலில் ஓர் இரவு

செட்டியார்பட்டியில் நீர் என்றால் கண்மாய். அதுவும் மழை பெய்தால். மேற்கே நிற்கும் மலைக்கு அப்பாலோ நீரே தெருவாகவும் வீட்டு வாசலாகவும் இருக்கிறது. 1904-ல் திறக்கப்பெற்று, 2018-ல் அகலப் பாதையாக முழுமையடைந்த செங்கோட்டை - கொல்லம் இருப்புப் பாதை வழியே நம் பகுதியினர் அங்கே விடுமுறைக்குச் செல்கின்றனர். ஆலப்புழைக் காயலில் படகேறி, இரவையும் அதிலேயே கழித்து மீள்கின்றனர். ஆகுமான இன்பமே அது. ஆயினும் பிறர் வாழும் நீரில் ஓர் இரவு தங்க நமக்குள்ள உரிமை எத்தகையது?

அப்படகுகள் உல்லாசத்துக்காகப் பிறந்தவையல்ல. அயினிப் பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்து, கொச்சிக்கு நெல் சுமந்த கெட்டுவள்ளங்களின் வழிவந்தவை. சாலையும் லாரியும் வந்தபின் வேலையிழந்த வள்ளங்கள், 1990-களில் படுக்கையறையும் சமையற்கட்டும் பெற்றன. மாலை ஐந்தரை மணியளவில் அவை ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். இரவு நீர் வலை விரிப்போருக்கு உரியது. இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பணம் கொடுத்தவருக்குப் பகல், பாடுபடுபவருக்கு இரவு!

ஆனால் நின்ற படகும் சும்மா நிற்பதில்லை. நங்கூரம் என்பது பேச்சுக்குத்தான். பெரும்பாலும் கரையிலுள்ள தென்னையில் வடத்தைக் கட்டிவிடுகிறார்கள். தென்னைக்குப் பின்னால் ஒரு வீடு. அவ்வீட்டார் குளிப்பதும் பாத்திரம் துலக்குவதும் அதே நீரில். நம் அறையைக் குளிர்விக்க ஜெனரேட்டர் இரவெல்லாம் இரைகிறது. டீசல் நீரில் படிகிறது. கழிவுத் தொட்டியைக் காயலிலேயே திறந்துவிடும் படகுகளும் உண்டு. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே தடுத்த மார்க்கத்தில் வளர்ந்த நாம், "படகுக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வது எங்ஙனம் தகும்? மீன் குழம்பு உண்டா என்று ஏறுமுன் விசாரிக்கும் நாம், கழிவு எங்கே போகிறது என்று கேட்க மட்டும் ஏன் நாணுகிறோம்?

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. வேம்பநாட்டுக் காயலில் கலக்கும் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் உபரி நீரில் ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டரை நம் வைப்பாற்றுப் படுகைக்குத் திருப்பலாம் என்று தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995-ல் அறிக்கை தந்தது. கேரளம் இசையவில்லை; திட்டம் ஏட்டிலேயே உள்ளது. கண்மாய் வறண்ட ஊரில், "கடலுக்கு வீணாய்ப் போகும் நீர்தானே" என்பது மறுக்க முடியாத வாதமாகத் தோன்றும். காயலில் கண் திறந்து ஓரிரவு தங்கியவர் அதை அத்தனை எளிதில் சொல்லமாட்டார். கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் குட்டநாட்டில் கோடையில் உவர்நீர் ஏறுகிறது. அதைத் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டி மதகுகளை அடைக்கிறார்கள். அடைத்தால் உள்ளிருக்கும் நீர் ஓட்டமற்றுக் கெடுகிறது. ஆற்று நீர் போதிய அளவு இறங்கினால்தான் உவர் பின்வாங்கும், அழுக்கும் வெளியேறும்.

நம் கண்மாயின் தாகமும் பொய்யன்று. ஆகவே நீர் கேட்கலாகாது என்று நாம் கூறவில்லை. உபரி எவ்வளவு என்ற கணக்கு, படித்துறையில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும் இரவில் வலை விரிப்பவருக்கும் வேண்டியதைக் கழித்த பிறகே தொடங்கட்டும். தூர் வாராமல் நம் கண்மாய்களில் நாமே இழந்துவிட்ட கொள்ளளவையும் அதே ஏட்டில் எழுத வேண்டும்.