பெயரைத் துறத்தலும் பெயரை மறத்தலும்

கொடுத்தவர் பெயர் நிலைப்பதும், செய்தவர் பெயர் மறைவதும் உலகியல்பு. இஃது அறத்தோடு பொருந்துமா என்பது எண்ணத்தக்க வினாவாகும்.

இடைக்கால ஐரோப்பாவில் பெண் துறவியர் மடங்கள் பல கல்விக்கும் இடமாய் விளங்கின. ஏசுநாதர் வரலாறு கூறும் நான்கு நற்செய்திகளையும் தோலேட்டில் எழுதி, பொன்னும் வண்ணமும் தீட்டி, வழிபாட்டில் வைப்பது அக்கால மரபு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் மெஷெடே மடத்துத் தலைவி ஹிட்டாவுக்காகக் கொலோன் நகரில் அத்தகைய நூல் ஒன்று உருவாயிற்று. அதனைப் புனித வால்புர்காவிடம் அவர் அளிக்கும் ஓவியம் அந்நூலிலேயே உண்டு. அவ்வோவியத்தைத் தீட்டியவர் யாரென நாம் அறியோம்.

துறவுக்கு இதுவே அழகு என்பாரும் உளர். அது மெய்யே. ஆயினும், பெயரைத் தாமே விடுத்தால்தான் அது துறவு. பிறர் மறந்துவிட்டால் அது இழப்பேயாகும். பெயரில்லாத ஏடுகளை எல்லாம் ஆண் துறவியரே எழுதினர் எனப் பிற்காலத்தார் பலர் எளிதாகக் கருதிவிட்டனர்.

14ஆம் நூற்றாண்டில் தீக்கிரையான டால்ஹைம் என்னும் ஜெர்மானியப் பெண்கள் மடத்தின் இடுகாட்டில் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. ஏறத்தாழ 1000க்கும் 1160க்கும் இடையே, நடுவயது கடந்து மறைந்தவர் அவர். அவருடைய பற்காரையில் நீலத்துகள்கள் இருந்ததை ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டனர். அவை ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வந்த லாபிஸ் லசுலி என்னும் அரிய கல்லின் பொடி. உயர்ந்த ஏடுகளுக்கே பயன்பட்ட வண்ணம். தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கி அவர் ஓவியம் தீட்டியிருக்கக்கூடும் என்பது அவர்தம் கருத்து. ஏடு சொல்லாததை அவர் பல் சொல்லிற்று.

பெயரைப் பொறித்தால் பணிவு குன்றுமோ? 12ஆம் நூற்றாண்டில் குடா என்னும் ஜெர்மானியத் துறவி, தாம் எழுதிய மறையுரை நூலில் தம் உருவையும் பெயரையும் வரைந்து, தம்மைப் பாவி என்றும் குறித்தார். பெயரும் பணிவும் அங்கே ஒருங்கே நிற்கின்றன.

தம் பெயரை மறைத்தல் செய்தவரின் உரிமை. அவரைத் தேடியறிதல் பின்வந்தோரின் கடமை. பழம்பெரும் நூலொன்றைக் கண்டு வியக்கும் மாணவரை, அதனை அளித்தவர் யார் என்பதோடு எழுதியவர் யார் என்றும் வினவப் பழக்குவோமாக.