பிள்ளையின் தட்டும் பெரியவரின் நோன்பும்

2025 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பள்ளி மதிய உணவில் முட்டைக்கு இனி அரசுப் பணம் கிடையாது. முட்டை வேண்டும் என்று நினைக்கும் பள்ளிகள் ஊராரிடம் நன்கொடை திரட்டிக்கொள்ளலாம். அங்கே தரப்பட்டு வந்ததே வாரத்துக்கு ஒரு முட்டைதான். 2023 கடைசியில் தொடங்கிய அந்த ஒன்றும் ஓராண்டுக்குச் சற்று மேல் ஓடி நின்றுபோனது.

இது முதல் முறை அல்ல. 2015இல் மத்தியப் பிரதேசத்தில், பழங்குடியினர் நிறைந்த சில மாவட்டங்களின் அங்கன்வாடிகளில் முட்டை தரலாம் என்ற யோசனையை அன்றைய முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் ஏற்க மறுத்தார். 2021 டிசம்பரில் கர்நாடகத்தின் வடபகுதி மாவட்டங்கள் ஏழில் முட்டை தரத் தொடங்கியதும் மடாதிபதிகள் சிலர் போராட்டம் அறிவித்தார்கள். மூன்று இடங்களிலும் பெரியவர்களே பேசினார்கள். சாப்பிட வேண்டிய பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

ஒருவர் தம் நாவைக் கட்டுவது நோன்பு. ஊரார் பிள்ளையின் தட்டிலிருந்து சோற்றை எடுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. இந்த விவகாரத்தில் அறம் எந்தப் பக்கம் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

இந்தியா சைவ நாடு என்ற பேச்சை அரசின் கணக்கே மறுக்கிறது. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, 15 வயதைத் தாண்டிய இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேர் புலால் உண்பவர்கள். அவர்களில் ஏழைகளின் பிள்ளைகள் முட்டையையோ மீனையோ வேண்டாம் என்று சொல்லவில்லை, அவை கிடைக்காமல் இருக்கிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21), ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ளவர்களில் 67.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை.

ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. உடல் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் எல்லாம் அதில் அடக்கம். செடிகொடிகளில் கிடைக்காத பி12 வைட்டமினும் உண்டு. மாற்றாகச் சொல்லப்படும் வாழைப்பழத்தில் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. பால் நல்லதுதான். ஆனால் பாலில் தண்ணீர் கலக்கலாம், பருப்பைக் குறைத்துச் சாம்பாரை நீட்டலாம். முட்டையில் அந்தக் கைவரிசை நடக்காது. சத்துணவுக் கூடத்தின் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பிள்ளைக்கு வர வேண்டியது ஓட்டுக்குள் முழுசாக வந்து சேர்கிறது.

சமயத்தின் பெயரால் தடுப்பவர்கள் சமய நூல்களைத் திறந்து பார்க்கட்டும். கீதையின் பதினேழாம் அத்தியாயம் உணவை மூன்று வகையாகப் பிரிக்கிறது. எந்த இயல்புடையவர் எதை விரும்புவார் என்று அது சொல்கிறதே தவிர, பிறர் இலையைக் காவல் காக்கும் அதிகாரத்தை யாருக்கும் தரவில்லை. சரக சம்ஹிதை உடல் தேய்ந்துபோகும் நோயாளிக்கு இறைச்சியை மருந்துணவாகவே விதிக்கிறது. புறநானூற்றின் 14ஆம் பாடலில் கபிலர், ஊன்சோறு உண்பதைத் தவிர வேறு உழைப்பு அறியாததால்தான் தம் கை மென்மையாக இருக்கிறது என்று சேர மன்னனிடம் கூச்சமின்றிச் சொல்கிறார். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். ஆனால் அதை அவர் வைத்தது துறவறவியலில், தவம் மேற்கொண்டவருக்கான ஒழுக்கங்களுக்கு நடுவே. மருந்து அதிகாரத்துக்கு வரும்போது அளவையும் செரிமானத்தையும் உடலுக்கு மாறுபடாத உணவையும் பற்றியே பேசுகிறார்.

இவை எல்லாவற்றையும்விட மணிமேகலை காட்டும் ஒரு காட்சி மனத்தில் நிற்கிறது. கப்பல் உடைந்து நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்கிய வணிகன் சாதுவன், அவர்களின் தலைவனிடம் கொலை தவிர்க்கச் சொல்கிறான். தலைவன் மறைக்காமல் பேசுகிறான்: கள்ளையும் ஊனையும் விட்டால் எங்கள் உடம்பில் உயிர் தங்காது, எங்களால் முடிகிற அறத்தைச் சொல். சாதுவன் சினக்கவில்லை. நன்றாகச் சொன்னாய் என்று பாராட்டுகிறான். கடலில் தவித்து வருவோரைக் கொல்லாதீர்கள், மூத்துச் சாகும் விலங்குகளைத் தவிர மற்ற உயிர்களை விட்டுவிடுங்கள் என்று அவர்களுக்கு இயன்ற வழியைக் காட்டுகிறான். கொல்லாமையை உயிராகக் கொண்ட பௌத்தக் காப்பியம் இது. எதிரே நிற்பவனின் உடம்பையும் நிலத்தையும் பார்த்த பிறகே அது அறம் சொல்கிறது. மத்தியப் பிரதேசத்து அலிராஜ்பூரின் பழங்குடிக் குழந்தைக்கு அந்தப் பரிவுகூடக் கிடைக்கவில்லை.

வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலை கண்ட வள்ளலாரை மேற்கோள் காட்டுவோர் உண்டு. புலால் உண்போரைப் புறவினத்தார் என்று அவர் பிரித்தார் என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய பசியை அவர் பிரிக்கவில்லை. தருமச்சாலையில் சைவச் சோறுதானே போட்டார் என்று கேட்கலாம். தம் அடுப்பில், தம் அன்பர்கள் கொடுத்த அரிசியில் அவர் சமைத்தார். எதைச் சமைப்பது என்ற உரிமை அவருக்கு முழுதாக இருந்தது. பள்ளி அடுப்பு எரிவது எல்லாருடைய வரிப்பணத்திலும். அதில் முட்டை உண்பவரின் பணமும் இருக்கிறது.

பிள்ளைக்கு முட்டை தரலாமா என்ற சோதனையைக் காந்தியடிகள் தம் வீட்டிலேயே சந்தித்தார். பம்பாயில் அவருடைய மகன் மணிலாலுக்குக் கடுமையான டைபாய்டு, கூடவே நிமோனியா. பையனுக்கு வயது பத்து. முட்டையும் கோழிச்சாறும் கொடுக்க வேண்டும் என்றார் பார்சி மருத்துவர். காந்தி மறுத்துவிட்டு நீர் சிகிச்சையைக் கையில் எடுத்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. மருத்துவர் சொன்னதை மகனிடம் சொல்லி, அவன் விருப்பத்தைக் கேட்டார். முட்டை வேண்டாம் என்றான் பையன். தாம் கொடுத்திருந்தால் அவன் சாப்பிட்டிருப்பான் என்பதையும் காந்தி தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதுகிறார். காய்ச்சல் 104 டிகிரியில் நின்ற இரவில், தம் பிடிவாதத்தைப் பிள்ளையின் மேல் சுமத்தப் பெற்றோருக்கு என்ன உரிமை என்று அவர் மனம் அவரையே அறுத்தது.

பையன் பிழைத்தான். ஆனால் அந்தக் கேள்வி முக்கியம். பெற்ற தகப்பனுக்கே அந்த உரிமை உண்டா என்று காந்தி நடுங்கினார். முகம் தெரியாத இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்காக முடிவெடுக்கும் அமைச்சருக்கு அந்த நடுக்கத்தில் ஒரு துளியாவது வர வேண்டாமா? பால் குடிக்கிறவர் கருவுறாத முட்டையை மறுக்கக் காரணம் இல்லை என்றும் அதே காந்தி 1942இல் ஆரோக்கியம் பற்றி எழுதிய நூலில் ஒப்புக்கொண்டார். இன்று நாமக்கல் பண்ணைகளிலிருந்து பள்ளிகளுக்கு வருவது கருவுறாத முட்டைதான்.

எதிர்ப்பவர்களின் மனவருத்தம் பொய்யானது என்று சொல்ல முடியாது. 2025 ஜூலையில் கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டக் கிராமம் ஒன்றில், கோயிலை ஒட்டிய பள்ளியில் முட்டை சமைப்பதை ஏற்காத பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். முட்டை உண்ணாத பிள்ளைக்கு அருவருப்பு ஏற்படாமல் தனிப் பாத்திரம், தனி இடம் ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. தமிழ்நாடு இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம். இரண்டு பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

கர்நாடகப் போராட்டத்தின்போது, கொப்பள் மாவட்டம் கங்காவதியில் பள்ளி மாணவி ஒருத்தி ஒலிவாங்கி முன் நின்று மடாதிபதிகளுக்குப் பதில் சொன்னாள். முட்டையை நிறுத்தினால் உங்கள் மடத்துக்கே வந்து சாப்பிடுவோம், ஒன்றோடு விடமாட்டோம், ஆளுக்கு இரண்டு சாப்பிடுவோம் என்றாள். 2024இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையின் நிதியோடு கர்நாடகப் பள்ளிகளில் முட்டை வாரத்தில் ஆறு நாளும் வரத் தொடங்கியது.