வலுவினுள் மறைந்த வேகம்

ஒருவரை இகழ்வது அவருக்கு அநீதியாகலாம் என்பதை எவரும் ஏற்பர். ஒருவரைப் புகழ்வதும் அநீதியாகலாம் என்பது அத்துணை எளிதில் ஏற்கப்படுவதில்லை. புகழ்பவர் நல்லெண்ணத்தோடு கூறுகின்றார். புகழப்படுபவரும் பெரும்பாலும் மகிழ்கின்றார். இடையிலே தீங்கு எங்ஙனம் புகுந்தது என்ற வினா எழுகின்றது. வெளிப்படையாகத் தோன்றும் ஓர் ஆற்றலை அளவின்றிப் போற்றி, ஒருவர் உழைத்து ஈட்டிய பிறிதோர் ஆற்றலைக் காணாது விடுமிடத்தே அத்தீங்கு நிகழ்கின்றது. குத்துச்சண்டையின் அதிபாரப் பிரிவில் 1937 முதல் 1949 வரை உலக வாகையராக விளங்கிய ஜோ லூயிஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாவார்.

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலமாகிய அலபாமாவில், வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்த ஒரு கறுப்பினக் குடும்பத்திலே 1914இல் லூயிஸ் பிறந்தார். சிறுவனாயிருக்கையில் குடும்பம் வடக்கே டெற்றோயிற் நகருக்குப் பெயர்ந்தது. பின்னாளில் அவர் தம் பட்டத்தை 25 முறை காத்துக்கொண்டார். அவருடைய பெயரைக் கேட்டதும் பலருடைய மனத்தில் எழுவது, எதிரியைச் சாய்க்கும் பேராற்றலின் உருவமே. ‘பழுப்புக் குண்டுவீச்சாளர்’ என்று அவருக்கு வழங்கிய பட்டப்பெயரும் இரண்டையே சுட்டிற்று: ஒன்று தோலின் நிறம், மற்றொன்று அழிக்கும் வலு. அவரது கைகளின் வேகத்துக்கு அப்பெயரில் இடமிருக்கவில்லை.

வலுவும் வேகமும் வெவ்வேறானவை, ஒன்று மிகுந்தவிடத்து மற்றையது குறையும் என்பது பொதுவான எண்ணம். பௌதிகவியல் இதற்கு உடன்படுவதில்லை. வேலை செய்யப்படும் வீதமே வலு. ஒரே வேலையைக் குறைந்த நேரத்திற் செய்பவன் கூடிய வலுவுடையவன் ஆகின்றான். இயங்கும் பொருளொன்றின் திணிவு இருமடங்கானால் அதன் இயக்கச் சக்தி இருமடங்காகும். வேகம் இருமடங்கானாலோ அது நான்கு மடங்காகும். ஆகலின், பேரடியொன்றைக் கண்டு வியப்பவர், தாம் அறியாமலே வேகத்தையும் வியக்கின்றார். வியப்பை எழுப்பிய காரணத்துக்கு மட்டும் தவறான பெயரிடுகின்றார்.

இத்தவறு நிகழ்வதற்குக் கண்ணின் இயல்பும் ஒரு காரணமாகும். கடந்த தூரத்தைக் கொண்டே வேகத்தைக் கண் அளக்கின்றது. முகமது அலி மேடையெங்கும் சுழன்று ஆடியபோது அவரது வேகத்தை அரங்கின் கடைசி வரிசையில் இருந்தவரும் கண்டனர். லூயிஸின் கால்கள் அவ்வாறு இயங்கவில்லை. அவர் மெல்ல அடியெடுத்து முன்னேறினார். ஆயின் அவரது குத்துக்கள் மிகக் குறுகிய தூரமே சென்றன. ஒன்றன்பின் ஒன்றாய் இடைவெளியின்றித் தொடர்ந்தன. கண்டதற்கு எதிர்வினை புரிய மனிதனுக்கு ஏறத்தாழ விநாடியின் ஐந்திலொரு பங்கு வேண்டும். அந்நேரத்துக்குள்ளே தொடங்கி முடிந்துவிடும் இயக்கத்தை எதிரியே உணர்வதற்கில்லையெனின், தொலைவிலிருந்து பார்ப்பவர் விளைவை மட்டும் கண்டு ‘என்ன பலம்’ என்று கூறுவதில் வியப்பில்லை.

1941 யூன் மாதம் 18ஆம் நாள் நியூ யோர்க்கில் நடந்த போட்டி இதனை விளக்கும். லூயிஸை எதிர்த்த பில்லி கொன் அவரிலும் ஏறத்தாழ 25 இறாத்தல் நிறை குறைந்தவர். விரைந்து நகரும் கால்களை உடையவர். பன்னிரண்டு சுற்றுக்கள் முடிந்தபோது, புள்ளியிட்ட மூவருள் இருவரின் கணக்கிலே கொன் முன்னணியில் இருந்தார். பதின்மூன்றாம் சுற்றில், விலகி நிற்பதை விட்டு, நின்று அடித்து வெல்ல முனைந்தார். அச்சுற்று முடிய இரண்டு விநாடிகளே இருக்கையில் அவர் வீழ்ந்து தோற்றார். கால்களின் வேகத்திலே கொன் மிக்கவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் நேர்நின்று கைகள் மோதியபோது விரைந்தவை எவருடைய கைகள் என்பதும் அன்று வெளிப்பட்டது.

இவ்வேகம் பிறவியிலே வாய்த்த கொடை மட்டுமன்று. இளமையிலே குறைந்த எடைப்பிரிவிற் சண்டையிட்ட ஜக் பிளக்பேர்ண், லூயிஸின் பயிற்றுநராய் அமைந்து, சமநிலை குலையாது குத்தும் முறையைப் பழக்கினார். 1936இல் ஜேர்மனியரான மக்ஸ் ஸ்மெலிங், லூயிஸ் இடக்கையாற் குத்தியபின் அக்கையைத் தாழ விடுவதை அவதானித்து, அவ்விடைவெளியிலே வலக்கையைச் செலுத்தி, பன்னிரண்டாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். 1938 யூன் 22இல் இருவரும் மீண்டும் சந்தித்தபோது போட்டி 2 நிமிடம் 4 விநாடிகளில் முடிந்தது. ஸ்மெலிங் மூன்று முறை வீழ்ந்தார். இரு போட்டிகளுக்கும் இடைப்பட்ட ஈராண்டில் லூயிஸின் எலும்பும் தசையும் புதிதாகப் படைக்கப்படவில்லை. தோல்வியை ஆராய்ந்த அறிவும் திருத்திக்கொண்ட பயிற்சியுமே வெற்றிக்கு வழிசெய்தன.

எனினும் அக்காலத்து அமெரிக்கச் செய்தித்தாள்கள் பல அவரைக் காட்டு விலங்கோடு ஒப்பிட்டு எழுதின; அவரது திறனை இயல்பூக்கம் என்றன. வலு என்பது உடலுக்கு உரியது, இயற்கை தந்தது என்று கருதப்படுகின்றது. வேகமும் காலங்கணித்தலும் கற்றலையும் சிந்தனையையும் வேண்டுவன. ஆகவே ஒருவரின் வலுவை மட்டும் போற்றுவது, அவரை உடலென ஏற்று அறிவென மறுப்பதாய் முடிகின்றது. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை மறுக்கப்பட்ட ஒரு நாட்டிலே இவ்வகைப் புகழ் விளையாட்டுச் செய்தியாக மட்டும் நின்றிருக்க முடியாது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பேருடல் படைத்தோர் எந்நிறத்தவராயினும் மந்தமானவர் என்றே கருதப்படுகின்றனர். கண்ணின் பிழைக்கு அறத்தின்மேற் குற்றஞ்சாட்டுவது முறையா? இம்மறுப்பில் உண்மையுண்டு. கண் தவறுவது குற்றமன்று. ஆனால் 1938இன் பின்னும், 1941இன் பின்னும், சான்றுகள் முன்னே கிடக்கவும் பழைய தீர்ப்பே நீடிக்குமாயின் அது கண்ணின் பிழையாகாது. ஒரே வகைத் தவறு ஒரே வகை மனிதர்மேலே திரும்பத் திரும்ப விழுமாயின் அதனைத் தற்செயல் எனல் பொருந்தாது. காண இயலாமை மன்னிக்கப்படலாம். காண விரும்பாமைக்கு அம்மன்னிப்பு உரியதன்று.

மூடை சுமப்பவனின் தோளைப் புகழ்பவர், எடையை எவ்விடத்தில் தாங்குவது, எக்கணத்தில் அடியெடுப்பது என்று அவன் கணிப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. உடலால் உழைப்போர் அனைவர்மீதும் இத்தீர்ப்பு நாள்தோறும் வழங்கப்படுகின்றது. ஒருவரை அறிதல் என்பது அவரிடம் முதலிலே தோன்றியதோடு நின்றுவிடாமை. லூயிஸ் 1981இல் மறைந்தார். அவர் கைகளின் விரைவு பழைய திரைப்படச் சுருள்களில் இன்றும் உள்ளது. அவற்றை மெதுவாக ஓட்டிப் பார்ப்பவர், வலுவென்று தாம் பெயரிட்டது எத்துணை அறிவால் ஆயது என்பதைக் காண்பர். மனிதர்மேல் வழங்கும் தீர்ப்புக்களையும் அவ்வாறே மெதுவாக ஓட்டிப் பார்த்தல் நீதியின் ஒரு கூறாகும்.