ஆமை வடிவில் ஒரு கடவுள்

டெர்ரி பிராட்செட் (1948–2015) எழுதிய டிஸ்க்வேர்ல்ட் நாவல் வரிசையை ஒரு வாசகர் இன்னொருவருக்குப் பரிந்துரைக்கும்போது, படித்தால் வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்ற உத்தரவாதத்தோடு அந்தப் பரிந்துரை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 1983இல் 'தி கலர் ஆஃப் மேஜிக்' என்ற நூலோடு தொடங்கி, ஆசிரியர் மறைந்த சில மாதங்களில் வெளிவந்த 'தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்' வரை 41 நாவல்களாக நீண்ட இந்த வரிசை சிரிக்கவைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், மனிதரின் நம்பிக்கையிலிருந்தே தெய்வம் பிறக்கிறது என்று வைத்துக்கொண்டால், அப்படிப் பிறந்த தெய்வமும் அதைப் பெற்றெடுத்த மனிதரும் ஒருவருக்கொருவர் எதற்குக் கடமைப்பட்டவர்கள் என்ற கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் பின்தொடர்ந்ததும் இதே வரிசைதான். அந்தக் கேள்வியை முன்வைத்துப் பரிந்துரைத்தால், எந்த நூலை முதலில் கையில் எடுப்பது என்பதும் மாறிவிடும்.

அண்டவெளியில் நீந்திச் செல்லும் ஒரு பேராமை, அதன் முதுகில் நான்கு யானைகள், அந்த யானைகள் சுமக்கும் தட்டையான உலகம் என்பதே இந்நாவல்களின் களம். உலகைத் தாங்கும் யானை, யானையைத் தாங்கும் ஆமை என்ற படிமம் இந்தியாவிலிருந்து சென்றதாகவே ஐரோப்பாவில் நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், பண்புகளுக்கு அடியில் இருப்பதாகச் சொல்லப்படும் 'பொருண்மை' என்ற கருத்து எவ்வளவு வெறுமையானது என்று காட்டுவதற்கு, ஆமைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கப்பட்டுத் திணறிய ஓர் இந்தியத் தத்துவவாதியை உதாரணமாக்கினார். எட்டுத் திக்குகளையும் காக்கும் திக்கஜங்களையும் கூர்மத்தையும் புராணங்களில் கேட்டு வளர்ந்த வாசகருக்கு இந்த உலகின் வரைபடம் அந்நியமாகத் தோன்றாது. பிராட்செட் லாக்கின் கேலியைத் திருப்பிப் போட்டு, ஆமை உண்மையிலேயே இருக்கும் உலகில் அதை மறுப்பதே சமய நிறுவனத்தின் கோட்பாடாகிவிட்டால் என்ன நேரும் என்று கேட்டார்.

அந்தக் கேள்வி முழு வடிவம் பெறுவது 1992இல் வெளியான 'ஸ்மால் காட்ஸ்' நாவலில். டிஸ்க்வேர்ல்டில் தெய்வங்கள் நம்பிக்கையை உண்டு வாழ்கின்றன. நம்புவோர் பெருகினால் வளர்கின்றன, குறைந்தால் சுருங்குகின்றன, எவருமே இல்லையென்றால் பாலைவனக் காற்றில் பெயரற்ற முனகலாகத் திரிகின்றன. இந்தக் கற்பனை பிராட்செட்டுக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 414இல் மேடையேறிய அரிஸ்டோஃபனீஸின் 'பறவைகள்' நாடகத்தில், வேள்விப் புகை மேலே வராதபடி பறவைகள் வானை மறித்துவிடுவதால் தேவர்கள் பட்டினி கிடக்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழி எழுத்தாளர் லூசியன் எழுதிய உரையாடல் ஒன்றில், தெய்வங்கள் உலகைக் கவனிப்பதில்லை என்று வாதிடும் எபிக்யூரியர் ஒருவர் பொது விவாதத்தில் வென்றுவிட்டால் தமக்குப் படையல் நின்றுவிடுமே என்று சியூஸ் கலங்குகிறார். 1841இல் ஜெர்மானியத் தத்துவவாதி லூட்விக் ஃபாயர்பாக், மனிதன் தன் சிறந்த இயல்புகளையே வெளியே எறிந்து அவற்றைக் கடவுள் என்று வணங்குகிறான் என வாதிட்டபோது, நாடகக்காரரின் நகைச்சுவையாக இருந்தது தத்துவக் கோட்பாடாயிற்று. ஃபாயர்பாக்கின் கருத்து பொதுவாக நம்பிக்கையைக் கலைக்கும் கருவியாகவே பயன்பட்டு வந்திருக்க, அதே கருத்தை ஒப்புக்கொண்ட பிறகு தெய்வத்தின் நிலையில் நின்று யோசித்துப் பார்த்ததே பிராட்செட் செய்த புதுமை.

'ஸ்மால் காட்ஸ்' கதையில் ஓம்னியா என்ற நாட்டின் ஒரே கடவுளான ஓம் (பிரணவத்தோடு இந்தப் பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை) காளை வடிவிலோ கழுகு வடிவிலோ கம்பீரமாக மண்ணில் தோன்ற எண்ணி இறங்கிவந்து, ஒற்றைக் கண் பார்வையோடு ஓர் ஆமையாகச் சிக்கிக்கொள்கிறார். அவருடைய கோயில்கள் நிரம்பி வழிகின்றன, பூசகர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர் பெயரால் படைகள் நகர்கின்றன. ஆனாலும் அவர் குரலைக் கேட்கக்கூடியவன் எழுதப் படிக்கத் தெரியாத, எதையும் மறக்காத நினைவாற்றல் கொண்ட புரூதா என்ற இளம் துறவுப் பயிற்சியாளன் ஒருவன் மட்டுமே. மற்றவர்கள் கோயிலின் சுவர்களையும் சடங்கின் ஒழுங்கையும், எல்லாவற்றுக்கும் மேலாக விசாரணை மன்றத்தின் சித்திரவதைக் கூடத்தையும் நம்புகிறார்கள். அச்சம் வழிபாட்டின் உடையை அணிந்துகொண்டு வழிபாட்டின் இடத்திலேயே அமர்ந்துவிட்டதால், உள்ளே தெய்வம் இல்லாமற்போனதை எவரும் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில் பிராட்செட்டின் பார்வை சமூகவியலாளர் எமில் துர்கைமின் பார்வையிலிருந்து விலகுகிறது. 1912இல் வெளியான நூலில் துர்கைம், சமயத்தில் மனிதர் வணங்குவது தம் சமூகத்தின் ஆற்றலையே என்றும், ஆகவே நிறுவனமும் சடங்கும் நம்பிக்கையின் வெளிப்பூச்சல்ல, அதன் உயிரே என்றும் கருதினார். ஓம்னியாவிலோ நிறுவனம் தன் கடவுளைத் தின்றே கொழுத்திருக்கிறது. பதினேழு வயதில் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியாளராகச் சேர்ந்து, பின்னர் மின்வாரியம் ஒன்றில் அணுமின் நிலையங்களுக்கான செய்தித் தொடர்பாளராகப் பணியாற்றிய ஒருவருக்கு, அமைப்புகள் தம்மைப் பற்றிப் பேசும் மொழிக்கும் உள்ளே நடப்பதற்கும் இடையிலுள்ள தூரம் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். உலகம் உருண்டை என்பது ஓம்னியத் திருச்சபையின் கோட்பாடு. அது ஆமைமேல் நிற்கும் தட்டு என்று சொல்வோர் எரிக்கப்படுகிறார்கள். 1633இல் கலிலியோ எதிர்கொண்ட விசாரணை இங்கே தலைகீழாக்கப்பட்டிருக்கிறது. இதில் வெறும் வேடிக்கையைத் தாண்டி ஒரு வாதம் இருக்கிறது: உருண்டை உலகம் நம் அறிவியலோடு ஒத்துப்போவதால், திருச்சபையின் கொடுமை அது தவறான விண்ணியலைப் போதித்ததால் விளைந்தது என்ற சாக்கை வாசகர் சொல்ல முடியாமற்போகிறது.

விசாரணை மன்றத்தின் தலைவரான வோர்பிஸைச் சமயத்தை நடிப்புக்காகப் பயன்படுத்தும் போலியாகச் சித்திரித்திருந்தால் நாவல் எளிதாக முடிந்திருக்கும். அவர் போலி அல்லர். தன் மனத்துக்குள் எதிரொலிக்கும் தன் குரலையே கடவுளின் குரல் என்று முழுமனத்தோடு நம்புகிறவர், அதனாலேயே வேறெந்தக் குரலும் நுழைய முடியாதபடி இறுகிப்போனவர். ஓமும் தொடக்கத்தில் இவரிடமிருந்து வெகுதூரத்தில் இல்லை; மனிதரைத் தன் உணவாகவும் ஆட்டக் காய்களாகவும் மட்டுமே அறிந்திருந்த கடவுள் அவர். ஓமின் முதல் அடியவர் ஓர் ஆட்டிடையர் என்ற தகவலோடு, செம்மறிகளை ஓட்ட வேண்டும், வெள்ளாடுகளையோ வழிநடத்த வேண்டும் என்ற வேறுபாட்டையும் பிராட்செட் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். முதலில் கேட்டவர் வெள்ளாடு மேய்ப்பவராக இருந்திருந்தால் அந்த நாட்டின் வரலாறே வேறாக இருந்திருக்கும் என்ற அந்தச் சிறு குறிப்புக்குள், தெய்வத்தின் குணம் அதைக் கேட்கும் காதைப் பொறுத்தது என்ற பெரிய வாதம் ஒளிந்திருக்கிறது.

பாலைவனத்தில் புரூதாவும் ஆமையும் சேர்ந்து நடக்கும் பகுதி நாவலின் இதயம். தன்னைக் கொல்லக்கூடியவர் என்று தெரிந்தும் மயங்கிக் கிடக்கும் வோர்பிஸைப் புரூதா தோளில் சுமந்து செல்வதும், அது மடமை என்று ஆமை இடைவிடாது நச்சரிப்பதும், மெல்ல மெல்ல அந்த நச்சரிப்புக்குள் வேறொரு உணர்வு கலப்பதும் நகைச்சுவையின் மொழியிலேயே சொல்லப்படுகின்றன. இறுதியில் ஓம் தன் பழைய ஆற்றலை மீளப் பெற்று, வழக்கம்போல் கட்டளைகள் அருளவும் எதிரிகளை அழிக்கவும் முற்படும்போது, கடவுள் விதிக்கும் நெறி கடவுளையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று புரூதா நிபந்தனை வைக்கிறான். ஆபிரகாமியச் சமயங்களில் உடன்படிக்கை என்று வழங்கப்படும் கருத்து, அதாவது இறைவனும் மக்களும் பரஸ்பரம் வாக்களித்துக்கொள்ளும் பிணைப்பு, இங்கே மேலிருந்து அருளப்படாமல் கீழிருந்து பேரம் பேசிப் பெறப்படுகிறது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இறக்கும் புரூதா, மரணத்துக்குப் பிந்தைய பாலையில் தனிமையின் அச்சத்தால் அசையாமல் அமர்ந்திருக்கும் வோர்பிஸைக் கண்டு அவரையும் உடன் அழைத்துச் செல்கிறான். அந்தச் செயலுக்கு அவன் எந்தக் கட்டளையையும் மேற்கோள் காட்டுவதில்லை.

1996இல் வெளிவந்த 'ஹாக்ஃபாதர்' இதே கேள்வியைத் தெய்வங்களிலிருந்து அறத்துக்கு நகர்த்துகிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவைப் போன்று குளிர்காலத்தில் பரிசு கொண்டுவரும் ஹாக்ஃபாதரை, குழந்தைகளின் நம்பிக்கையைக் கட்டுப்படுத்துவதன் மூலம் அழிக்கச் சதி நடக்கிறது. உயிர்களின் ஒழுங்கின்மையை வெறுக்கும் கணக்காய்வாளர்கள் என்ற பிரபஞ்சச் சக்திகள் இதற்குப் பின்னால் இருக்க, அந்த நம்பிக்கை அறுந்துவிடாதபடி மரணம் என்ற பாத்திரமே பொய்த்தாடி கட்டிக்கொண்டு பரிசு வழங்கப் புறப்படுகிறது. ஹாக்ஃபாதர் இல்லாமற்போனதால் மிஞ்சிக் கிடக்கும் நம்பிக்கை, மதுமயக்கத்துக்கு ஒரு தெய்வம், காலுறை தின்னும் ஒரு பிராணி என்று கண்டபடி உருவங்களைப் பிறப்பிப்பது வரிசையின் மிகச் சிரிப்பான பகுதிகளுள் ஒன்று. நாவலின் முடிவில் மரணம் தன் பேத்தி சூசனிடம் சொல்லும் விளக்கத்தின் சாரம் இதுதான்: பிரபஞ்சத்தை எவ்வளவு நுண்மையாக அரைத்துச் சலித்தாலும் நீதியின் ஓர் அணுகூட அதில் அகப்படாது, இருந்தும் நீதி உண்டு என்பதுபோல் மனிதர் நடக்க வேண்டியிருக்கிறது, சிறு பொய்களை நம்பிப் பழகுவதன்மூலமே அவர்கள் பெரிய பொய்களை நம்பக் கற்கிறார்கள்.

இந்த உரையாடல் பிராட்செட் வாசகர்களால் மிகுதியாகப் போற்றப்படுகிறது என்றாலும், தத்துவ நோக்கில் 'ஸ்மால் காட்ஸ்' அளவுக்கு இது உறுதியானதன்று. 1911இல் ஜெர்மானியத் தத்துவவாதி ஹான்ஸ் வைஹிங்கர், உண்மை அன்று என்று அறிந்தே பயன் கருதிக் கைக்கொள்ளும் கருத்துகளைப் 'புனைவு' என்றும், உண்மையாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு சோதிக்கப்படும் கருத்துகளைக் 'கருதுகோள்' என்றும் பிரித்தார். ஹாக்ஃபாதர் புகைபோக்கி வழியே வருகிறார் என்பது உலகில் இருப்பதைப் பற்றிய கூற்று, ஆகவே அது பொய்யாக இருக்க முடியும். ஏழைக்கு நீதி கிடைக்க வேண்டும் என்பது செய்ய வேண்டியதைப் பற்றிய கூற்று, அணுக்களில் தேடிக் கிடைக்காததால் அது பொய்யாகிவிடாது. இரண்டையும் பொய் என்ற ஒரே பெயரில் அடக்குவதால், மரணத்தின் வாதம் தான் காக்க நினைத்த நீதியையே சற்றுக் குறைத்துவிடுகிறது. புரூதா நீதியை எங்கும் தேடவில்லை. மயங்கிக் கிடந்தவரைத் தூக்கிச் சுமந்தான்.

இறைநம்பிக்கை உள்ள வாசகர் எழுப்பக்கூடிய தடை வேறு. நம்பிக்கையால் உருவாகி நம்பிக்கையின்றி அழியும் ஒன்று, அக்குவினாஸ் போன்ற இறையியலாளர்கள் பேசிய கடவுளே அன்று. எல்லாவற்றின் இருப்புக்கும் காரணமான மெய்ப்பொருள் மனிதரின் கருத்தை எதிர்பார்த்து நிற்பதில்லை. இந்தத் தடை நியாயமானது. பிராட்செட்டின் தட்டுலகத்திலும் உலகைச் செய்தவர் ஒருவராகவும், மலையுச்சியில் வீடு கட்டிக்கொண்டு மனிதரைக் காய்களாக நகர்த்தும் தெய்வங்கள் வேறாகவும் காட்டப்படுவதால், அவருடைய கேலி எட்டுவது தெய்வங்கள் வரைதான். மனிதநேயவாதியாகவே அறியப்பட்ட ஆசிரியர் இந்த எல்லையை மறைக்க முயலவில்லை. நிந்தாஸ்துதியில் பழகிய தமிழ் வாசகருக்குக் கடவுளைக் கேலி செய்வது அதிர்ச்சி தராது. ஆனால் அங்கே கேலி அன்பிலிருந்து புறப்படுகிறது, இங்கே அன்பை நோக்கி வந்து சேர்கிறது.

நெடிய வரிசையாக இருப்பதன் பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. ஒரே நாவலோடு நின்றிருந்தால் ஓம்னியச் சமயம் ஓர் உருவகக் கதையாக முடிந்திருக்கும். பின்வந்த நூல்களில் அதே சமயத்தார் வாளை விட்டுவிட்டு, ஆங்க்-மார்போர்க் நகரில் வீடுவீடாகக் கதவு தட்டித் துண்டறிக்கை கொடுப்பவர்களாகிவிட, மக்கள் அவர்களைக் கண்டு நடுங்குவதற்குப் பதில் ஒளிந்துகொள்கிறார்கள். 1998இல் வந்த 'கார்பே ஜுகுலும்' நாவலில், தன் மறைநூலின் முரண்பாடுகளை எண்ணித் தூக்கமிழந்த ஓட்ஸ் என்ற இளம் ஓம்னியப் போதகரும், எதையும் நம்பாத கிழட்டுச் சூனியக்காரி கிரானி வெதர்வாக்ஸும் மழையிரவில் காட்டுவழியே நடக்கும்போது, பாவம் என்பது மனிதரைப் பொருட்களாக நடத்துவதே என்று அந்தக் கிழவி வாதிடுகிறாள். கான்ட்டின் அறவியலில் பல பக்கங்களை நிரப்பிய கருத்து அங்கே ஒரு வழிநடைப் பேச்சுக்குள் அடங்கிவிடுகிறது.

எதிர்த்திசையிலிருந்து பேசுவன வேறு இரண்டு இடங்கள். 'ஃபீட் ஆஃப் கிளே' (1996) நாவலில் களிமண்ணாலான உயிருள்ள உருவமாகிய டோர்ஃபிள் தன்னைத் தானே உடைமையாகப் பெற்ற பின் நாத்திகம் பேசுகிறது. சினந்த தெய்வங்கள் இடியால் தாக்கியபோதும், இடி ஒரு வாதம் ஆகாது என்ற நிலையிலிருந்து அது அசைவதில்லை. 'அன்சீன் அகாடெமிக்கல்ஸ்' (2009) நாவலில் ஆங்க்-மார்போர்க் நகரத்தின் ஆட்சியாளர் வெட்டினாரி, சினையுற்ற மீனொன்றை நீர்நாய்க் குடும்பம் தின்றதைச் சிறுவயதில் கண்டதை நினைவுகூர்ந்து, தாயும் குட்டிகளும் இன்னொரு தாயையும் அதன் முட்டைகளையும் உண்டு பசியாறும்படி அமைந்த உலகுக்குப் பொறுப்பான ஒருவர் இருந்தால், அறத்தில் அவரை விஞ்சுவது மனிதரின் கடமை என்கிறார். தீமைப் பிரச்சினை என்று தத்துவம் அழைக்கும் பழைய சிக்கலுக்கு, கடவுள் இல்லை என்றோ அவர் வழிகள் அறியவொண்ணாதவை என்றோ வழக்கமான இரு விடைகளையும் தவிர்த்த மறுமொழி இது. அறிஞர் ஒருவர் வாயில் வராமல் கொடுங்கோலர் வாயில் வருவது பிராட்செட்டின் குறும்பு.

ஆகவே இந்த வரிசையைப் பரிந்துரைப்பவர், வெளியான முறையில் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தத் தேவையில்லை. முதலிரு நூல்கள் அன்றைய மாயாஜாலக் கதைகளைப் பகடி செய்பவை. அந்தக் கதைகளை அறியாதவருக்கு அவற்றின் சிரிப்பில் பாதி எட்டாது. முன்பின் தொடர்ச்சி தேவைப்படாத 'ஸ்மால் காட்ஸ்' தொடங்குவதற்கு ஏற்றது. அதற்குப் பிறகு, ஓட்ஸ் அந்தச் சமயத்தின் வழித்தோன்றல் என்பதால் 'கார்பே ஜுகுலும்' வரலாம். மரணம் என்ற பாத்திரத்தோடு 'மோர்ட்' (1987), 'ரீப்பர் மேன்' (1991) ஆகிய நூல்களில் பழகிவிட்டு 'ஹாக்ஃபாதர்' படித்தால், அந்தக் கடைசி உரையாடலில் வாதத்தின் ஓட்டையைத் தாண்டி, மனிதரைப் புரிந்துகொள்ளப் பல நூல்களாக முயன்று தோற்றுவந்த ஒருவரின் பரிவும் காதில் விழும்.